குகை நுண்ணுயிர்கள்: இந்த மாதக் கடிதங்கள்

கே: கதைக்காக ஒரு குகை பாக்டீரியாவைக் கற்பனை செய்திருக்கிறேன். அது இருட்டையே உண்டு வாழ்கிறது. பொருந்துமா?

ப: பொருந்தாது. இருட்டில் ஆற்றல் இல்லை. கந்தகம் கொடுங்கள். ருமேனியாவின் மோவிலே குகை சுமார் 50 லட்சம் ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து, 1986இல்தான் வெளியே தெரிந்தது. அங்குள்ள பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக வாயுவையும் மீத்தேனையும் ஆக்சிஜனேற்றம் செய்து பிழைக்கிறது. அந்த பாக்டீரியாப் படலத்தை நம்பிச் சிலந்தி, அட்டை என்று ஒரு கூட்டமே வாழ்கிறது.

கே: அதற்குக் கண் இருக்குமா?

ப: பாக்டீரியாவுக்கு எங்குமே கண் கிடையாது. இருட்டில் கண்ணிழந்த குகை மீனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கே: 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகலாமா?

ப: அது ஆய்வகத்தில் நன்றாகத் தீனி போட்ட ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் வேகம். சத்தில்லாத குகையில் எல்லாம் மிக மெதுவாகத்தான் நடக்கும்.

கே: குகைச் சுவரில் பொன்னிறமாக மின்னியதைக் கத்தியால் சுரண்டி டப்பாவில் கொண்டுவந்தேன். சர்க்கரைக் கரைசலில் போட்டேன். இரண்டே நாளில் பொங்கிவிட்டது. புது இனமா?

ப: உங்கள் கையிலோ டப்பாவிலோ இருந்ததுதான் பொங்கியிருக்கும். குகையின் வெப்பநிலை என்ன, கத்தியைக் கிருமி நீக்கினீர்களா, எதையும் எழுதவில்லை. நீங்கள் பார்த்தது அநேகமாக ஆக்டினோபாக்டீரியா என்ற பாக்டீரியா வகையின் கூட்டம். அதன் மேல் நிற்கும் நீர்த்துளிகள்தான் டார்ச் ஒளியில் பொன்னாக மின்னும். பட்டினிக்குப் பழகிய உயிருக்குச் சர்க்கரை விருந்தல்ல, பல நேரம் அதுவே கேடு. சத்துக் குறைந்த, நீர்த்த வளர்ப்பு ஊடகத்தில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதைவிட என்னை வருத்துவது அந்தக் கத்தி. அந்தப் படலம் உருவாக எத்தனை காலம் ஆனதோ! ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள பிரான்ஸின் லாஸ்கோ குகை 1948இல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. மூச்சும் விளக்குமாகச் சேர்ந்து, ஓவியச் சுவர்களில் பச்சைப் பாசி படர்ந்தது. 15 வருடத்தில், 1963இல், மூடினார்கள். 2001இல் வெள்ளைப் பூஞ்சை வந்தது. மூடிய பிறகும் குகை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சுவரைத் தொடாதீர்கள். மாதிரி வேண்டுமென்றால் அனுமதி பெற்ற ஆய்வுக் குழுவோடு போங்கள்.

கே: மனிதர் தொடாத குகையிலும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு உண்டாமே, எப்படி?

ப: உண்டு. அமெரிக்காவின் லெசுகியா குகையில் சுமார் 40 லட்சம் ஆண்டுகள் தனித்திருந்த பாக்டீரியாவிடமே கண்டார்கள். ஆன்டிபயாடிக்கை முதலில் செய்தவை நுண்ணுயிர்கள்தான். எதிர்ப்பும் அதே அளவு பழையது. அதற்காக அவை நோய்க்கிருமிகள் அல்ல. கதையில் ஊரை அழிக்க விடாதீர்கள்.

கே: வௌவால் குகைக்குள் போகலாமா?

ப: முகக்கவசத்தோடு. எச்சத்தில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். வெளியே வந்ததும் பூட்ஸைக் கழுவுங்கள். 2006இல் வட அமெரிக்காவில் முதலில் தென்பட்ட வெண்மூக்கு நோய் என்ற பூஞ்சை நோய் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது; அந்த நோயின் பூஞ்சை வித்துக்கள் உடையிலும் கருவியிலும் ஒட்டிப் பயணிக்கும். அப்புறம், அங்கேயும் சுவரைத் தொடாதீர்கள்.