அந்தப் பை ஏன் மடிக்கு வந்தது?

அக்கா, வணக்கம். எனக்கு 29 வயது. ஆன்லைனில் அறிமுகமான ஒருவரைப் போன வாரம் இரண்டாவது முறையாகச் சந்தித்தேன். போவதற்கு முன்னால் உடல்மொழி பற்றி நிறைய வீடியோ பார்த்தேன். பாதம் நம் பக்கம் திரும்பியிருந்தால் விருப்பம், கையைக் கட்டினால் மறுப்பு, இப்படியெல்லாம். அவர் கையைக் கட்டிக்கொண்டும் இருந்தார், நன்றாகச் சிரிக்கவும் செய்தார். நான் நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப்போட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், ஆனால் சிரிப்பு குறையவில்லை. வீட்டுக்குப் போனபின் "நீங்க இன்னைக்கு எங்கேயோ இருந்த மாதிரி இருந்துச்சு" என்று மெசேஜ் அனுப்பினார். எந்தக் குறிப்பை நான் தவறாகப் படித்தேன்?
பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் எப்படி உட்கார்ந்தார், கையை எங்கே வைத்தார், பை எங்கிருந்து எங்கே போனது என்று எல்லாம் இருக்கிறது. அவர் என்ன பேசினார் என்று ஒரு வரி கூட இல்லை. அவர் மெசேஜில் சொன்னதும் இதைத்தான். நீங்கள் அவருடைய பாதத்தைத் தேடி மேஜைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் உங்களைப் படித்துவிட்டார், சரியாகவே படித்திருக்கிறார்.

அந்த வீடியோக்களில் 'நாம் சொல்வதில் 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்தான், சொல்லுக்கு 7 சதவீதம்தான்' என்று கேட்டிருப்பீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. ஒற்றைச் சொற்களை விதவிதமான குரலில் கேட்கவைத்து, இன்னொரு சோதனையில் முகப் படங்களும் காட்டி, பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கணிக்கச் சொன்னார்கள். எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். அந்த எண்ணை நம்பி எதிரில் இருப்பவர் பேச்சைக் காதில் வாங்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

கை கட்டியதை விட்டுவிடுங்கள். குளிரினாலும் கட்டுவார்கள், பழக்கத்தினாலும் கட்டுவார்கள், நிம்மதியாகக் கதை கேட்கும்போது நானே கட்டிக்கொள்வேன்.

எனக்கு உறுத்துவது பைதான். முதலிலிருந்தே மடியில் இருந்திருந்தால் அதில் ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் நாற்காலியை இழுத்துப்போட்ட பிறகு அது இடம் மாறியிருக்கிறது. ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதைவிட எந்த நொடியில் மாறினார், அதற்குச் சற்றுமுன் நாம் என்ன செய்தோம் என்று பாருங்கள். பல வருடங்களுக்கு முன்னால் ஒருவர் பேசப்பேச என் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தார், நான் நாற்காலியின் முதுகோடு ஒட்டிக்கொண்டேன், கடைசியில் இதேபோல் பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சிரிப்பு அவரைப் பிடித்ததால் வந்ததில்லை, சங்கடமில்லாமல் அந்த மாலை முடிந்தால் போதும் என்பதற்காகச் சிரித்தது. பெண்களில் பலருக்கு இது தெரியும். 1982இல் அன்டோனியா ஆபி என்ற உளவியலாளர் ஓர் ஆணையும் பெண்ணையும் ஐந்து நிமிடம் பேசவிட்டு, இன்னொரு ஆணையும் பெண்ணையும் மறைவிலிருந்து பார்க்கவைத்தார். அந்தப் பெண்ணின் சாதாரண நட்பை ஈர்ப்பாக எடுத்துக்கொள்வது ஆண்களிடம்தான் கூடுதலாக இருந்தது. உங்கள்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சிரிப்பை மட்டும் வைத்து நெருங்கிப் போகாதீர்கள் என்பதற்காகத்தான்.

அவர் உங்களை வெறுத்தார் என்றும் நான் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியாது, பைக்கும் தெரியாது. பை மடிக்கு வந்ததும் நீங்கள் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிப்போட்டிருக்கலாம், விளக்கம் எதுவும் வேண்டாம், பேச்சை அப்படியே தொடர்ந்தால் போதும். இடம் கிடைத்ததும் சிலர் தோள் தளர்ந்து தாங்களாகவே முன்னால் வருவார்கள், அது வேறு மாலை. வரவில்லையா, சரி, அந்தத் தூரத்திலேயே பேசுங்கள். சந்தேகமாக இருந்தால் "கிளம்பணுமா? நேரமாச்சா?" என்று கேளுங்கள், ஆமாம் என்றால் உடனே எழுந்துவிடுங்கள். கையைப் பிடிப்பது போன்ற விஷயத்துக்குப் பாதம் திரும்பியிருந்தது என்பதெல்லாம் அனுமதி ஆகாது, வாயைத் திறந்து கேட்கத்தான் வேண்டும். கேட்டதும் அவர் தயங்கினால் அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை என்றால் இன்றைக்கே போடுங்கள். "ஆமா, என்னைப் பிடிச்சிருக்கான்னு தேடிட்டே இருந்ததுல நீங்க சொன்னதைச் சரியா கேக்கல. பக்கத்துல நகர்ந்து உக்காந்தது சங்கடமா இருந்திருந்தா மன்னிச்சுக்கோங்க" என்று எழுதலாம். அப்புறம் அவர் பேசியதில் எது நினைவிருக்கிறதோ அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் இன்னொரு மெசேஜ் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்