கடலோர நீரில் கரைந்த கரிமக் கார்பனை ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா?

ஆய்வகத்தில் அளக்கும் கருவி இருக்கிறது, முதுநிலை ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா, வேறென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் கருவியை நம்பித் தொடங்காதீர்கள். கடலோரத்தில் உப்புத்தன்மையை உடன் அளக்காத கார்பன் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

காரணம் எளியது. கரைந்த கரிமக் கார்பன் என்பது, உயிரினங்களிலிருந்து வந்து, நுண்ணிய வடிகட்டியையும் தாண்டி நீரோடு செல்லும் கார்பன் சேர்மங்கள். ஆற்று நீரில் அது அதிகம், கடல் நீரில் குறைவு. உப்புத்தன்மை பூஜ்யமான ஆற்று முனையில் லிட்டருக்கு 400 மைக்ரோமோல், உப்புத்தன்மை 35 (ஒரு கிலோ நீரில் சுமார் 35 கிராம் உப்பு) உள்ள கடல் முனையில் 80 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வெறுமனே கலந்தால், உப்புத்தன்மை 17.5 உள்ள இடத்தில் 240 இருக்க வேண்டும். அங்கே நீங்கள் அளந்தது 300 என்றால் அந்த 60 எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது: அலையாத்திக் காடு, கழிவுநீர், அடிச்சேறு, பாசிப் பெருக்கம், இவற்றில் ஏதோ ஒன்று. 200 என்றால் பாக்டீரியா தின்றிருக்கலாம், சூரிய ஒளி சிதைத்திருக்கலாம், ஒரு சிறு பங்கு உப்பு நீரைச் சந்தித்ததும் திரண்டு படிந்திருக்கலாம். உப்புத்தன்மை இல்லாமல் 300 என்று மட்டும் எழுதினால், அது எந்தக் கதையைச் சொல்கிறது என்று யாராலும் கூற முடியாது.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. வெள்ளம் வந்தால் ஆற்று முனையின் அளவே மாறிவிடும். இரண்டாவது ஆறு ஒன்று இடையில் கலந்தாலும், உப்புத்தன்மைக்கு எதிரே கார்பனை வரைந்தால் கிடைக்கும் நேர்கோடு வளையும். அந்த வளைவைப் பார்த்து 'நுண்ணுயிர்கள் அகற்றிவிட்டன' என்று எழுதியவர்கள் உண்டு. ஆகவே இரு முனைகளையும் ஒவ்வொரு முறையும் அளந்தே ஆக வேண்டும்.

கருவிக்கு வருவோம். வடிகட்டிய நீரை அமிலமாக்கி, கார்பன் இல்லாத வாயுவைச் செலுத்தி கனிமக் கார்பனை (பைகார்பனேட் போன்றவற்றில் உள்ளதை) வெளியேற்றுகிறோம். பிறகு ஏறத்தாழ 680 முதல் 720 டிகிரி செல்சியஸில் பிளாட்டினம் வினையூக்கியின் மேல் எரித்து, உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்பு உணரி அளக்கிறது. கடல் நீரில் கனிமக் கார்பன் லிட்டருக்குச் சுமார் 2000 மைக்ரோமோல். நாம் தேடுவதோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் இருக்கலாம். கனிமக் கார்பன் கொஞ்சம் மிஞ்சினாலும் முடிவு பாழ். உப்பு வேறு வினையூக்கியின் மேல் படிந்துகொண்டே வரும்.

1988இல் சுகிமுரா, சுசுகி என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள், கடலில் அதுவரை நினைத்ததைவிடச் சில மடங்கு அதிகக் கரிமக் கார்பன் இருப்பதாக அறிவித்தார்கள். துறையே பரபரத்தது. மற்றவர்கள் அளந்தபோது அதே அளவுகள் கிடைக்கவில்லை. 1993இல் சுசுகியே அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான் கருவியின் பின்னணி அளவை (மாதிரியில் கார்பன் இல்லாதபோதும் கருவி காட்டும் அளவை) தனியே கணக்கிடுவதும், அளவு தெரிந்த ஆழ்கடல் நீரை ஒப்பீட்டு மாதிரியாக ஓட்டுவதும் கட்டாயப் பழக்கமாயின. மாதிரிகளுக்கு நடுவே அந்த ஒப்பீட்டு நீரை ஓட்டாமல் ஒரு நாளும் முடிக்காதீர்கள்.

மாசு எங்கிருந்தும் வரும். படகின் புகை, கையில் பூசிய களிம்பு, பக்கத்து மேசையில் யாரோ திறந்த ஆல்கஹால் புட்டியின் ஆவி, எல்லாமே கார்பன்தான். கண்ணாடிக் குப்பிகளை 450 டிகிரியில் சில மணி நேரம் சுட்டெடுங்கள். வடிகட்டும்போது அழுத்தத்தைக் குறைவாக வையுங்கள். நீரிலுள்ள பாசி, பாக்டீரியா செல்கள் உடைந்தால் அவற்றின் உள்ளடக்கமும் உங்கள் கணக்கில் சேரும்.

இவ்வளவு பாடு எதற்கு? உலகக் கடல்களில் கரைந்த கரிமக் கார்பன் சுமார் 66,000 கோடி டன். வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடில் உள்ள கார்பனோடு ஒப்பிடத்தக்க அளவு. ஆறுகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 25 கோடி டன் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆனால் நடுக்கடலில் நிலத்துத் தாவரங்களின் தடயத்தைத் தேடினால் மிகச் சொற்பமே அகப்படுகிறது. மரக்கட்டையை உறுதியாக்கும் லிக்னின்கூட வழியில் சிதைந்து மறைகிறது. இந்த மறைவில் கணிசமான பங்கு நடப்பது கடலோரத்தில். என்னை இன்னமும் இந்தத் துறையில் பிடித்து வைத்திருப்பது இந்தக் கேள்விதான்.

அதனால் அளவோடு நிற்காமல் தன்மையையும் பாருங்கள். ஒரு சாதாரண புறஊதா நிறமாலைமானி போதும். 275 முதல் 295 நானோமீட்டர் வரை ஒளி உறிஞ்சல் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று கணக்கிடுங்கள். நிலத்திலிருந்து புதிதாக வந்த பொருளில் சரிவு மெதுவாகவும், வெயிலில் வெளுத்ததில் செங்குத்தாகவும் இருக்கும். இதற்கு அமிலம் சேர்க்காத மாதிரியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பத்துக் கழிமுகங்களுக்கு ஒரு முறை போவதைவிட, ஒரே கழிமுகத்தில் மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் ஆற்று முனை முதல் கடல் முனை வரை மாதிரி எடுப்பதே முதுநிலை ஆய்வுக்குப் பொருத்தம். இடத்தை முடிவு செய்துவிட்டால் எழுதுங்கள். எந்தெந்த உப்புத்தன்மையில் நிற்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.