பாடுமீனின் அதிர்வைத் துடுப்பில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடி வாவியை விஆரில் (கண்ணில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சியில்) செய்திருக்கிறோம். துடுப்பைத் தண்ணீரில் விட்டால், வாவிக்கடியில் கேட்கும் பாடுமீன் ஒலி கையில் தெரிய வேண்டும். கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் போன் மாதிரித்தான் அதிர்கிறது. விரல்களில் அதிர்வு தரும் தொடுகைக் கையுறை வாங்கலாமா?

பதில்: கையுறை வீண் செலவு. வாவியில் இந்த ஒலியைக் கேட்பவர் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்கிறார். அதிர்வைக் கொண்டுவருவது மரம்தானே? அப்போ அதிர வேண்டியதும் துடுப்புத்தான்.

கன்ட்ரோலர்களை அதிரவைக்கும் மோட்டர் இரண்டு வகை. எடை சுற்றும் மோட்டரில் வோல்ட் கூட்டினால் வேகமும் பலமும் சேர்ந்தே கூடும். சுற்றாத வகை பெரும்பாலும் ஒரே அலைவரிசையில்தான் நன்றாக அதிரும். போன் உணர்வு வருவது அதனால்தான். ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் எக்சைட்டர் எடுங்கள். கூம்பில்லாத ஸ்பீக்கர் அது. 4 ஓம், 3 வாட் போதும். கூடவே மேக்ஸ்98357 அம்பிளிஃபயரும், வைஃபை உள்ள குட்டிக் கணினியான ஈஎஸ்பி32 போர்டும்.

துடுப்பின் தண்டாக ஒரு அங்குல பிவிசி குழாயை எடுத்து, அதன் மேல்முனையை மரக்கட்டையால் இறுக்கி அடைத்து, கட்டையின் தட்டையான முகத்தில் எக்சைட்டரை எப்பொக்சியால் ஒட்டுங்கள். வளைந்த பக்கத்தில் ஒட்டினால் பாதி அதிர்வு வீண். எக்சைட்டரின் பின்பக்கம் எதிலும் முட்டக் கூடாது. கன்ட்ரோலரைக் குழாயில் கட்டும்போது இடையில் தடித்த ஸ்பொஞ்ச் வையுங்கள்; இல்லாவிட்டால் அதன் அசைவு உணரி அதிர்வையும் அசைவென்றே எடுத்து, திரையில் துடுப்பு நடுங்கும்.

ஒலிப்பதிவை அப்படியே விடாதீர்கள். கைத்தோலுக்கு 250 ஹேர்ட்ஸ் பக்கம்தான் உணர்ச்சி கூட. 80க்குக் கீழே சின்ன எக்சைட்டர் கடகடக்கும். 400க்கு மேலே விட்டால் குழாயே பாடத் தொடங்கும். இரண்டையும் வெட்டிவிட்டு ஈஎஸ்பி32இலேயே சேமியுங்கள். விஆர் காட்சியை இயக்கும் யூனிட்டி மென்பொருளிலிருந்து துடுப்பலகின் ஆழம் மட்டும் யூடிபியில் (வைஃபை வழியே சிறு தகவல்களைச் சட்டென அனுப்பும் முறை) போகட்டும், ஆழத்துக்கேற்ப ஒலியளவு. அலகு தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் சட்டென நிறுத்தினால் கையில் 'டக்' என்று அடிக்கும், 30 மில்லிசெக்கனில் தணியுங்கள். இடைவிடாமல் அதிர்ந்தால் தோல் பழகி மரத்துவிடும், ஆகவே விட்டு விட்டு வரட்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் வைஃபை. ஈஎஸ்பி32இன் வைஃபை தூக்க முறை தானாகவே இயங்கும். அதை நிறுத்தாவிட்டால் 100 மில்லிசெக்கன் வரை தாமதம். துடுப்பு நனைந்த பிறகு அதிர்வு வந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

எக்சைட்டரின் இரண்டு வயரில் எதையும் கிரவுண்டில் சேர்க்காதீர்கள், அம்பிளிஃபயர் சூடாகிப் போய்விடும். பலத்த அதிர்வில் போர்ட் ரீசெட் ஆனால் 5 வோல்ட் வயருக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று, அம்பிளிஃபயருக்குப் பக்கத்திலேயே.