பேட்ச் இன்னும் வரவில்லை, சீசனில் சர்வரை நிறுத்தவும் முடியாது. அதுவரை எப்படிப் பாதுகாப்பது?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள். சர்வரில் ஓடும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்துவிட்டது, அதைச் செய்த நிறுவனம் ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்சை இன்னும் தரவில்லை, சீசன் முடியும்வரை சர்வரை நிறுத்தக் கூடாது என்கிறார் முதலாளி. இதுதான் கேள்வி. ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றிலும் சிறு ஆலைகளுக்கு இதே வேலை செய்பவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலாளி சொல்வதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். தோத்தாபுரி ஏற்றிய லாரிகள் எடை மேடையில் வரிசையாக நிற்கும்போது சர்வர் நின்றால் எடைச் சீட்டு வராது, விவசாயிக்குப் பணம் போகாது, பழம் வெயிலில் கிடக்கும். நிறுத்தாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சோதியுங்கள். உங்கள் செல்போனில் ஆலையின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அந்த சர்வரின் முகவரியைத் திறந்து பாருங்கள். திறந்தால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று அர்த்தம். அப்புறம் ரவுட்டருக்குள் போய், வெளியிலிருந்து வருவதை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று சொல்லும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைப் பாருங்கள். மென்பொருள் போட்டுக் கொடுத்தவர்கள் வீட்டிலிருந்தே சரிசெய்வதற்காக தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டு அப்படியே போயிருப்பார்கள். நம் பக்கம் இது சாதாரணம். அதன் வழக்கமான போர்ட் எண்ணான 3389-ஐ வேறு எண்ணாக மாற்றி வைத்திருந்தாலும் பயனில்லை, இணையம் முழுவதையும் வருடும் கருவிகள் அதையும் கண்டுபிடிக்கும். அந்த வழிகளை மூடி, வெளியிலிருந்து வருபவர்களுக்கு, அடையாளம் காட்டியவரை மட்டும் பூட்டிய பாதையில் உள்ளே விடும் விபிஎன் மட்டும் கொடுங்கள். அந்த விபிஎன் பெட்டிக்கும் பேட்ச் போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது. உள்ளே வரும் வழியை மூடுவதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். சர்வர் வெளியே போகும் வழியை யாரும் தொடுவதே இல்லை. 2021 டிசம்பரில், பல மென்பொருள்கள் பதிவுகள் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நிரலில் ஓட்டை வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். தாக்குபவர் ஒரு சிறு வரியை அனுப்புவார். சர்வர் அதை லாக்கில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவில், எழுதப் போகும்போது, அந்த வரியில் உள்ள முகவரியைத் தேடித் தானே வெளியே போய், தாக்குபவரின் கணினியிலிருந்து நிரலை எடுத்து வந்து ஓட்டும். இணையத்துக்கே காட்டாத உள் சர்வர்கூட, வேறொரு கணினி வழியாக அந்த வரி வந்து சேர்ந்தால் மாட்டும். ஆனால் வெளியே போகும் வழி மூடியிருந்த சர்வர்களில் பெரும்பாலான தாக்குதல்கள் பாதியிலேயே நின்றன.

உங்கள் சர்வர் எங்கெல்லாம் போக வேண்டும்? இ-வே பில், ஜிஎஸ்டி தளங்கள், விண்டோஸ் அப்டேட், நேரம் சரிபார்க்கும் சர்வர், ஒருவேளை பேங்க். அவ்வளவுதான். போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வாலில் அவற்றை மட்டும் அனுமதித்து மற்றதை மூடுங்கள். ஏதாவது விட்டுப்போனால் ஒரு பில் நிற்கும், உடனே தெரிந்துவிடும், சேர்த்துக்கொள்ளலாம். எடை மேடை ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டியதில்லை. இது முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேறு வேலை எனக்குத் தெரியவில்லை.

பேட்ச் வரும்வரைக்கும் பெரும்பாலும் நிறுவனமே ஒரு தற்காலிக வழி சொல்லும், அதை நிதானமாகப் படியுங்கள். 2021 ஜூலையில் விண்டோஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரில் ஓட்டை வந்தபோது அந்தச் சேவையையே நிறுத்தச் சொன்னது மைக்ரோசாஃப்ட். எடைச் சீட்டு அடிக்கும் கணினியில் அதை நிறுத்த முடியுமா? முடியாது. ஆனால் அதே அறிவிப்பில் இன்னொரு வழியும் இருந்தது: நெட்வொர்க்கிலிருந்து வரும் அச்சு வேலைகளை மட்டும் மறுப்பது. நேரடியாக இணைத்த பிரிண்டர் அப்போதும் வேலை செய்யும். முதல் வரியோடு நிறுத்தியவர்களுக்கு இது தெரிந்திருக்காது. இன்னொன்று, தற்காலிக வழிகள் மாறும். 2022 செப்டம்பர் கடைசியில் தன் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சுக்குச் சொன்ன தடுப்பு விதியைத் தாண்டிப் போக முடிந்ததால் மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பத் திரும்பத் திருத்தியது. பேட்ச் வந்தது நவம்பர் 8 அன்று. எனவே தினமும் காலையில் அந்த அறிவிப்பை ஒருமுறை பாருங்கள்.

சிசிடிவி பெட்டி, ஆபீஸ் வைஃபை, சர்வர் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் பிரித்துவிடுங்கள். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், செருகியே இருந்தால் சர்வர் தாக்கப்படும்போது அதுவும் சேர்ந்து போகும்.

சரி, ஏற்கெனவே யாராவது உள்ளே வந்துவிட்டார்களா? புதிதாக முளைத்த பயனர் கணக்கு, குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி நீங்கள் போடாத வேலை (ஷெட்யூல்டு டாஸ்க்), வெப் ஃபோல்டரில் புதிய கோப்பு என்று தேடுங்கள். 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில், பேட்ச் போடுவதற்கு முன்பே பின்வாசல் கோப்புகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பேட்ச் அவற்றை நீக்கவில்லை. அப்படி எதையாவது கண்டால் பதறிப்போய் ஃபார்மேட் அடிக்காதீர்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, லாக்குகளைத் தனியே எடுத்து வையுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். இந்தச் சூழலில் மட்டும் முதலாளி என்ன சொன்னாலும் சர்வரை இணைப்பிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

பேட்ச் வரும் நாளுக்கு இப்போதே பேசி வையுங்கள். ராத்திரி ஷிஃப்ட் மாறும்போது லாரி குறைவாக இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை எடையைக் கையால் எழுத ஒரு சீட்டுப் புத்தகம் போதும். பேட்ச் வந்த பிறகும் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை 2017 மே 12 அன்று பரவியது, அதற்கான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்திருந்தது என்று முதலாளியிடம் சொல்லுங்கள். பேட்ச் போட்ட பிறகு தற்காலிகமாக நிறுத்திய சேவையைத் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். வெளியே போகும் வழிக்குப் போட்ட தடையை மட்டும் எடுக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.