தலைமுடியை விட மெல்லிய காப்பு: கார் பெயிண்ட் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் தங்கள் காரை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொள்பவர்களிடமிருந்து வந்தவை. கண்டுகொள்ளாமல் விடப்பட்ட காரைவிட, நாள்தோறும் துடைக்கப்பட்ட காரில் கீறல்கள் அதிகமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் பெயிண்டிலிருந்து ஏதோ ஒன்று குறைகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பின்வரும் பதில்களைப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வாரம் தவறாமல் கழுவுகிறேன். இருந்தும் வெயிலில் பார்த்தால், என் கறுப்புக் காரின் பானட் முழுவதும் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிகின்றன. எங்கே தவறு செய்கிறேன்?

நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் வட்டக் கோடுகளே அல்ல; எல்லாத் திசைகளிலும் ஓடும் நுண்ணிய கீறல்கள். ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால், அவை வளையம் வளையமாகக் கண்ணுக்குப் படுகின்றன. இரவில் ஒரு டார்ச் விளக்கைப் பானட்டுக்கு மேலே பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். வலையும் விளக்கோடு சேர்ந்து நகரும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் இருக்கும், கறுப்பு நிறம் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். இவை அனைத்தும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் வரும். அதில், பளபளப்பைத் தருவதும் வெயிலைத் தாங்குவதுமான கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். தெருத் தூசியில் கலந்துள்ள மணல் துகள் இந்தப் படலத்தைவிடக் கடினமானது என்பதால், அது துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் உங்கள் கையில் இருப்பது துணியல்ல, உப்புத்தாள்.

எனவே, கையோ துணியோ படுவதற்கு முன்பே தண்ணீரால் போகக்கூடிய அழுக்கு முழுவதும் போய்விட வேண்டும். காரை நிழலில் நிறுத்தி, பானட் கைக்குச் சூடாகத் தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கித் தாராளமாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் முனையைப் பெயிண்டிலிருந்து ஓர் அடி தள்ளியே பிடிக்க வேண்டும். ஏற்கெனவே கல் பட்டுத் தெறித்த இடத்தில் நெருங்கி அடித்தால், அந்த விளிம்பிலிருந்து பெயிண்ட் உரிந்து வரும்.

அடுத்து, இரண்டு வாளிகள் வேண்டும்: ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீர் வாளியில் அதை நன்றாக அலசிவிட்டுத்தான் மீண்டும் ஷாம்பு வாளிக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவி முடித்தபின் அலசிய வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். விரலில் நெருடும் அந்த மணல், ஒரே வாளியில் கழுவியிருந்தால் மீண்டும் உங்கள் பானட்டின் மேல்தான் ஏறியிருக்கும். கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேற்பகுதி, கடைசியாகக் கதவின் அடிப்பகுதி என்று இறங்கி வாருங்கள். சக்கரங்களுக்குத் தனி வாளியும் தனித் துணியும் இருக்கட்டும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் ஒட்டிய துணி பெயிண்டின் பக்கமே வரக்கூடாது.

துவட்டும்போது அழுத்தித் தேய்க்காதீர்கள். அடர்த்தியான மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு, அது தண்ணீரைக் குடித்தபின் எடுத்தால் போதும்.

கேள்வி: பாத்திரம் கழுவும் திரவம் நன்றாக நுரைக்கிறது. அதையே காருக்கும் பயன்படுத்தலாமா?

ஒருமுறை கழுவியதால் பெயிண்ட் கெட்டுவிடாது. ஆனால், அந்தத் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பதற்காகவே தயாரிக்கப்படுவது. பிசுக்கு எது, பெயிண்டைக் காக்க நீங்கள் பூசிய வாக்ஸ் என்னும் மெழுகு எது என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. கார் ஷாம்புவில் உள்ள வழுவழுப்பும் அதில் குறைவு. நுரையைக் காட்டிலும் இந்த வழுவழுப்புதான் முக்கியம், ஏனென்றால் துகள் பெயிண்டைக் கீறாமல் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். துணி துவைக்கும் பவுடரை அறவே தவிர்த்துவிடுங்கள். அதன் காரத்தன்மையும் கரையாமல் மிஞ்சும் குருணைகளும் பெயிண்டுக்கு ஆகாதவை. பழைய வாக்ஸை நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசவிருக்கும் நாளில் மட்டும் பாத்திரத் திரவத்தைப் பயன்படுத்துவதில் பொருள் உண்டு.

கேள்வி: தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். சரிதானே?

இல்லை. மேலே கேட்டவரின் சிலந்தி வலைக்கு இதைவிட விரைவான வழி கிடையாது. கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் துடைத்துக்கொண்டு கிளம்புங்கள். தூசி படிந்து கிடப்பதால் பெயிண்டுக்குக் கெடுதல் இல்லை, அதை உலர்வாக இழுப்பதில்தான் கெடுதல் இருக்கிறது.

கேள்வி: பறவை எச்சம் காய்ந்து கிடந்தது. சுரண்டி எடுத்த பிறகும் அந்த இடத்தில் வடு போலத் தெரிகிறது. எச்சம் அவ்வளவு அமிலத்தன்மை உடையதா?

எச்சத்தில் யூரிக் அமிலம் இருப்பது உண்மைதான். ஆனால், வேறொன்றும் அங்கே நடக்கிறது. வெயிலில் கிளியர் கோட் சூடேறி இளகி விரிகிறது. அதே வெயிலில் எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் பெயிண்ட் குளிர்ந்து சுருங்கும்போது, மேலே இறுகிக் கிடக்கும் எச்சத்தின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அதன் மேற்பரப்பு படிந்துவிடுகிறது. நீங்கள் காணும் மங்கல், அந்த அச்சு. எச்சம் எந்தப் பறவையுடையது என்பதைவிட, எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்பதே வடுவின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது.

சுரண்டியது இரண்டாவது தவறு. எச்சத்துக்குள் விதைத் துணுக்கும் மணலும் இருக்கும். இனி எச்சத்தைப் பார்த்தால், ஒரு துணியையோ சில அடுக்குத் தாளையோ தண்ணீரில் ஊற வைத்து அதன் மேல் போர்த்தி, ஐந்து பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இளகிய பிறகு துணியால் கிள்ளி மேல்நோக்கி எடுங்கள். எஞ்சியதைத் தண்ணீரால் கழுவுங்கள். வண்டியில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் இரண்டு சுத்தமான துணிகளும் எப்போதும் இருப்பது, எந்த விலையுயர்ந்த பூச்சையும்விட இந்த விஷயத்தில் பயன்படும். இப்போது விழுந்திருக்கும் வடு மேலோட்டமாக இருந்தால் மெல்லிய பாலிஷில், அதாவது மேற்பரப்பை நுண்ணியதாகத் தேய்த்துச் சமப்படுத்தும் பசையில், போகலாம். விரலில் வெடிப்பு தட்டுப்பட்டால் கிளியர் கோட் பிளந்துவிட்டது என்று பொருள். அதற்குத் திரும்பப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

மரப்பிசினும் ஊற வைக்க வேண்டியதுதான், ஆனால் தண்ணீருக்குப் பதிலாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில்.

கேள்வி: எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர். கழுவியபின் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் படிகின்றன. துடைத்தாலும் போவதில்லை.

துளி ஆவியாகிப் போனாலும் அதில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. புதிதாகப் படிந்த புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீருடன் கலந்து துணியில் நனைத்து, ஒரு நிமிடம்போல வைத்து எடுத்துவிட்டு, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். சூடான பெயிண்டில் இதைச் செய்யாதீர்கள். அந்த இடத்தில் வாக்ஸ் போயிருக்கும் என்பதால் மறுபடியும் பூசிவிடுங்கள். பல வாரம் வெயிலில் காய்ந்த புள்ளி பெயிண்டை அரித்துப் பள்ளமாக்கியிருக்கும். பள்ளத்தை வினிகர் நிரப்பாது. அதற்குப் பாலிஷ்தான் வேண்டும்.

தடுக்கும் வழி எளிது. காரைப் பகுதி பகுதியாகக் கழுவி, துளிகள் காய்வதற்குள் துவட்டிவிடுங்கள். மழைநீரைச் சேமிப்பவர்கள், அதில் தூசியோ மணலோ இல்லாதபடி வடிகட்டி, கடைசி அலசலுக்கு மட்டும் பயன்படுத்தினால் புள்ளியே விழாது.

கேள்வி: நன்றாகக் கழுவிய பிறகும் கை வைத்தால் சொரசொரப்பாக இருக்கிறது. பெயிண்ட் போய்விட்டதா?

பெயிண்ட் அப்படியேதான் இருக்கிறது. மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவித் துவட்டிய பானட்டின் மேல் விரல் நுனிகளை மெல்ல ஓடவிடுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத நெருடல்கூட அப்போது துல்லியமாகத் தெரியும். அது பெயிண்டில் ஒட்டிப் பதிந்துள்ள இரும்புத்தூள், தார், தொழிற்சாலைப் புகைத்துகள் போன்றவற்றால் வருவது. ஷாம்பு இவற்றை அசைக்காது.

முதலில் இரும்பைக் கரைக்கும் திரவத்தை நிழலில் தெளியுங்கள். துகள் உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக மாறி வழியும். கையுறை அணிந்துகொண்டு, அது காய்வதற்குள் அலசிவிட வேண்டும். மிஞ்சியதற்குக் களிமண் போன்ற கிளே பார். ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கி, அழுத்தாமல் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சொரசொர ஓசை அடங்கி வழுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். கட்டியை அடிக்கடி மடித்துப் புதிய பரப்பைக் கொண்டுவாருங்கள். கை தவறித் தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு புதியதாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணலைக் கழுவி எடுக்க முடியாது. ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் இந்த வேலை தேவைப்படாது.

கேள்வி: ஐயா, வாக்ஸ் போடுவதா, சீலன்ட் போடுவதா, செராமிக் கோட்டிங் போடுவதா? செராமிக் போட்டால் கீறலே விழாது என்கிறார்களே?

கீறலே விழாது என்பது உண்மையல்ல. விளம்பரங்களில் வரும் ‘9 எச்’ என்ற எண், வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட பென்சில்களால் கீறிப் பார்க்கும் சோதனையைக் குறிப்பது. கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை. ஒரு சில மைக்ரான் தடிமனே உள்ள பூச்சு, தெறித்து வரும் கல்லையோ சாவியின் கூர்முனையையோ தடுக்காது. அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும், எச்சமும் பிசினும் நேரடியாகப் பெயிண்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும், சரியாகப் பூசினால் சில ஆண்டுகள் நிலைக்கும். இவையே பெரிய நன்மைகள்தான். இல்லாத நன்மையைச் சொல்லி விற்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர்ப் புள்ளி இதன் மேலும் விழும், இரண்டு வாளியும் இதற்கும் வேண்டும். மேலும், பூசும்போது அடியில் இருக்கும் கீறல்கள் உள்ளேயே அடைபட்டுவிடும் என்பதால் முதலில் பாலிஷ் செய்தாக வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் வீட்டில் இதைத் தொடங்க நான் பரிந்துரைப்பதில்லை. துடைக்காமல் விட்ட இடம் திட்டாக இறுகிவிட்டால், அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

கார்னோபா வாக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து கிடைப்பது. பூசுவது எளிது, ஆழமான பளபளப்பைத் தரும், ஆனால் ஓரிரு மாதத்தில் தேய்ந்துவிடும். செயற்கைச் சீலன்ட் நான்கு முதல் ஆறு மாதம்வரை தாக்குப்பிடிக்கும். வெயிலில் நிற்கும், தினமும் ஓடும் காருக்கு என் தேர்வு சீலன்ட்தான். எதைப் பூசினாலும் மெல்லியதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசுவதால் காப்பு கூடுவதில்லை, துடைத்தெடுக்கும் வேலைதான் கூடுகிறது. தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவத் தொடங்கினால், முதலில் ஒருமுறை நன்றாகக் கழுவிப் பாருங்கள், சில நேரம் அழுக்குதான் காரணமாக இருக்கும். அப்போதும் திரளவில்லை என்றால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

கேள்வி: கதவில் விழுந்த கீறலைப் பற்பசையால் எடுக்கலாம் என்று படித்தேன். முயலலாமா?

பற்பசையில் உள்ள தேய்ப்புத் துகள் பல்லுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது கீறலை மங்கச் செய்யும், சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்து மங்கச் செய்யும். முதலில் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடையின்றிப் போனால், கையால் பூசும் நுண்ணிய பாலிஷிலேயே பெரும்பாலும் மறையும். நகம் மாட்டிக்கொண்டால் முழுவதும் போக்க முயலாதீர்கள். அவ்வளவு ஆழத்துக்குச் சுற்றிலும் தேய்த்துச் சமப்படுத்தினால் கிளியர் கோட்டில் மிஞ்சுவது மிகக் குறைவு. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பிரைமர் தெரிந்தாலும், உலோகம் தெரிந்தாலும், கதவுச் சட்டத்தில் உள்ள ஒட்டுத்தாளில் நிறக் குறியீட்டைப் பார்த்து அதற்குரிய டச்-அப் பெயிண்டை வாங்கி, கீறலுக்குள் மட்டும் மெல்லிய அடுக்குகளாக இடுங்கள். உலோகம் தெரியும் கீறலை அப்படியே விட்டால் துரு பிடிக்கும்.

பாலிஷைவிடக் கரடுமுரடான தேய்ப்புப் பசையான காம்பவுண்டைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சிவப்புக் காரின் பானட் விளிம்பில் இருந்த சிறு கீறலைப் போக்கக் காம்பவுண்டை ஊற்றி அழுத்தித் தேய்த்தேன். கீறல் போனது, துணியைத் திருப்பிப் பார்த்தால் அதில் சிவப்பு ஒட்டியிருந்தது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் படலம் மெல்லியதாக இருக்கும், தேய்க்கும் அழுத்தமும் அங்கேதான் குவியும். கிளியர் கோட் உள்ள காரில் துணியில் நிறம் ஏறக்கூடாது. ஏறினால் கிளியர் கோட்டைக் கடந்துவிட்டீர்கள். அந்தப் பானட்டைத் திரும்பப் பெயிண்ட் அடித்துத்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து, விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டாமல் பாலிஷ் டப்பாவைத் திறப்பதில்லை.

கேள்வி: மேட் பெயிண்ட் உள்ள காருக்கு எந்த வாக்ஸ் நல்லது?

வழக்கமான எந்த வாக்ஸும் பாலிஷும் வேண்டாம். பளபளப்பில்லாத அந்தப் பெயிண்டின் மேற்பரப்பு ஒளியைச் சிதறடிக்கும்படி நுண்ணிய மேடுபள்ளங்களோடு அமைந்தது. தேய்த்தால் அவை சமமாகி அந்த இடம் மட்டும் மினுங்கும், அதைத் திரும்ப மங்கலாக்க முடியாது. மேட் பெயிண்டுக்கென்றே விற்கும் ஷாம்புவும் காப்புத் திரவமும் போதும்.

கேள்வி: வெளியில் நிறுத்தும் காருக்கு உறை போடுவது நல்லதா?

சுத்தமான, உலர்ந்த காரின் மேல், உள்பக்கம் மென்மையாகவும் காற்றுப் போகக்கூடியதாகவும் உள்ள உறையைத் தளர்வின்றிப் பொருத்தினால் நல்லது. தூசி படிந்த காரின் மேல் உறையை இழுத்துப் போடுவதும், காற்றில் அது படபடத்து உரசுவதும், உலர்ந்த துணியால் துடைப்பதற்குச் சமம். மழைக்குப் பின் ஈர உறையை அப்படியே விட்டுவைத்தால் நீராவி அடைபட்டுப் பெயிண்டில் திட்டுகள் விழலாம். அண்மையில் பெயிண்ட் அடித்த கார் என்றால், அதிலுள்ள கரைப்பான் முழுவதும் வெளியேறும்வரை உறையும் வாக்ஸும் வேண்டாம். எத்தனை நாள் என்பதைப் பெயிண்ட் அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், பொதுவாக ஒரு மாதம்வரை சொல்வார்கள்.