எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கும் மகள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. சாப்பிடும்போதும் புத்தகம், பஸ்ஸிலும் புத்தகம். வாங்கிக் கொடுப்பதை இரண்டே நாளில் முடித்துவிடுகிறாள், எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இப்போது என் மாமனார் பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய வார இதழ்த் தொடர்கதைகளில் இறங்கிவிட்டாள். கண் கெட்டுவிடும், படிப்பு போய்விடும் என்கிறார் மாமியார். தடுப்பதா, விடுவதா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: தடுக்க வேண்டாம்.

கண் விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மணிக்கணக்கில் கிட்டத்தில் வைத்துப் படிப்பதற்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு உண்டு. அதற்காகப் புத்தகத்தைப் பிடுங்கத் தேவையில்லை, பகல் வெளிச்சம் கிடைக்கச் செய்யுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் போல வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. பள்ளிக்கு நடந்து போவதும் இந்தக் கணக்கில் சேரும். புத்தகத்துக்கும் கண்ணுக்கும் ஓர் அடியாவது இடைவெளி இருக்கட்டும். கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள் என்றால் உடனே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்து, செலவு. இந்த வேகத்தில் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிப் போட்டுக் கட்டாது, நூலகம்தான் வழி. நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. எனவே கூச்சப்படாமல் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய், மகளின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். வைப்புத்தொகையும் சந்தாவும் மிகச் சொற்பம். எந்தப் புத்தகம் வேண்டும் என்று நூலகரிடம் அவளே கேட்கட்டும்; பக்கத்தில் நின்று நீங்கள் பதில் சொல்லாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரை புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போகலாம். 2023 ஜூலையில் திறந்தார்கள். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. கதை மட்டும் போதாது என்று நினைத்தால், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் ‘துளிர்’ இதழையும் காட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பாதியில் மூடி வைக்கவும், படித்ததையே பத்து முறை படிக்கவும் பெரியவர்களுக்கு இருக்கும் உரிமை அவளுக்கும் உண்டு.

தாத்தாவின் பைண்டு தொகுப்பைப் பற்றிக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைப் பூட்டி வைக்காதீர்கள். காதல், துரோகம் என்று புரியாத இடங்களைப் பத்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். தொடர்கதையைவிட, அந்தப் பக்கங்களின் ஓரத்தில் இருக்கும் துணுக்குகளைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். மனைவியை மட்டம் தட்டும் சிரிப்பு, கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் படம், சாதியைத் தொட்டுப் பேசும் வசனம் ஆகியவை பழைய வார இதழ்களில் சர்வசாதாரணம். அவளும் அதைச் சிரித்துக்கொண்டே படிப்பாள். மாமனாரிடம் சொல்லி, அவள் படிக்கும் அத்தியாயத்தை அவரையும் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். ‘அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் நாங்கள் சிரித்தோம், அது சரியில்லை’ என்று தாத்தா வாயால் கேட்டால் பேத்தி மறக்க மாட்டாள். அடுத்த வார இதழுக்காகக் காத்திருந்த கதையையும் அவர் சொல்வார்.

ஒன்றை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். புத்தகத்தை மூடியதும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று கேட்பது, விருந்தாளிகள் வந்தால் ‘மாமாவுக்கு அந்தக் கதையைச் சொல்லு’ என்று நிறுத்தி வைப்பது. இப்படிக் கேட்டுக் கேட்டே வாசிப்பைக் கைவிட்ட பிள்ளைகள் உண்டு. பேச ஆசை இருந்தால் அந்தப் புத்தகத்தை நீங்களும் படித்துவிட்டு, ‘எனக்கு அந்த அண்ணனைப் பிடிக்கவே இல்லை’ என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அவளே சண்டைக்கு வருவாள்.

பாடத்துக்கும் தூக்கத்துக்கும் நேரம் குறித்துவிடுங்கள். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். விளக்கணைக்கும் நேரம் வந்தால், கதை எந்த இடத்தில் நின்றாலும் விளக்கை அணைத்துவிட வேண்டும். ஆனால் மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாகக் கதைப் புத்தகத்தைப் பறிக்கக் கூடாது. பறித்தால் பாடநூலுக்குள் ஒளித்து வைத்துப் படிப்பாள், அவ்வளவுதான்.

கடைசியாக, இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் என்றால் அது அவள் சுபாவம். தோழிகளோடு ஓடியாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று விளையாட்டை விட்டுவிட்டுப் புத்தகத்துக்குள் புகுந்திருந்தால், பள்ளிக்குப் போக அடம்பிடித்தால், வகுப்பில் யாராவது அவளைச் சீண்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்போது புத்தகப் பேச்சை எடுக்காமல், வகுப்பாசிரியரை நேரில் போய்ப் பாருங்கள்.