கடைசி இடத்துக்கான போட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் கோப்பை வென்றபோது நீங்கள் எழுதிய குறிப்பில் அதைப் ‘பொறுமையின் வெற்றி’ என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. வேலைக்குக் கிளம்புமுன் காலையில் என்பிஏ ஆட்டங்களைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் அணி ஃபிலடெல்ஃபியா. வேண்டுமென்றே தோற்று, டிராஃப்டில் முன்வரிசை இடங்களைப் பிடித்து, அணியைக் கட்டியெழுப்பப் போகிறோம் என்று முதலில் துணிந்து இறங்கியது நாங்கள்தான். எங்களை உலகமே ஏசியது. அதையே ஓக்லஹோமா செய்தால் பொறுமையா? எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை, அவர்களுக்கு இருந்தது, அவ்வளவுதானே? இன்னொன்று, பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் முன்னால் தோற்பதற்காகவே ஓர் அணியை அனுப்புவது நேர்மையா? கடைசியாக, 2025 டிராஃப்டில் எங்களுக்கு வந்திருக்கும் வி.ஜே. எட்ஜ்கோமை நம்பலாமா?

அன்புடன்,
ச., கோயம்புத்தூர்

*

அன்புள்ள ச.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஐபிஎல் ஏலத்தைப் போலப் பணத்தை வைத்து ஆளை எடுக்கும் முறை அல்ல டிராஃப்ட். ஆண்டுக்கு ஒருமுறை, புதிதாக வரும் இளைஞர்களை 30 அணிகளும் இரண்டு சுற்றுகளில் வரிசைப்படி எடுத்துக்கொள்கின்றன. மோசமாக ஆடிய அணி வரிசையில் முன்னால் நிற்கும். ஆனால் கடைசியாக வந்த அணிக்கே முதல் இடம் என்று வைத்தால் எல்லோரும் கடைசி இடத்துக்குப் போட்டி போடுவார்கள் என்பதால் 1985 முதல் குலுக்கல் நடக்கிறது. 14 எண்ணிட்ட பந்துகள் ஓர் இயந்திரத்துக்குள் காற்றில் சுழலும். இருபது விநாடி சுழன்றதும் முதல் பந்து வெளியே வரும். பிறகு பத்து விநாடிக்கு ஒன்றாக மேலும் மூன்று. நேரம் குறிப்பவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் கையை உயர்த்தவேண்டும். நான்கு பந்துகளை எடுக்க 1,001 வழிகள் உண்டு. ஒன்றைத் தள்ளிவிட்டு மீதி ஆயிரத்தை, பிளே-ஆஃபுக்குள் நுழையாத 14 அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அறையில் இருப்பவர்கள் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு, முடிவு தொலைக்காட்சியில் வரும்வரை உள்ளேயே அடைந்து கிடக்கவேண்டும். பலகோடி டாலர் வியாபாரத்தின் பத்தாண்டுத் திட்டங்கள் அந்த அறையில்தான் பலிக்கின்றன, அல்லது பாழாகின்றன.

2013 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் வீரர்களைச் சேர்க்கும் பொறுப்பை ஏற்ற சாம் ஹிங்கி இந்தக் கணக்கை மற்றவர்களைவிடக் கூர்மையாகப் பார்த்தார். களத்தில் ஐந்தே பேர் ஆடும் விளையாட்டு இது. ஒரே ஒரு மகத்தான வீரன் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு எந்த அணி கொடுத்தாலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் அவன் ஊரைப் பார்ப்பான், வெயிலைப் பார்ப்பான், கூட ஆடப்போகிறவர்களைப் பார்ப்பான். தோற்றுக்கொண்டிருக்கும் அணியைத் தேடி வரமாட்டான். டிராஃப்டில் எடுத்தால் மட்டும் நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் உங்களிடம் இருப்பான். ஆக, நடுத்தரமாக ஆடி 38 ஆட்டங்கள் ஜெயிப்பதுதான் மிக மோசமான நிலை. பிளே-ஆஃபும் தேறாது, டிராஃப்டில் நல்ல இடமும் கிடைக்காது. இந்த வாதத்தில் எனக்கு இன்றுவரை ஓட்டை தெரியவில்லை.

டிராஃப்ட் இரவன்றே ஆல்-ஸ்டார் வீரர் ஜ்ரூ ஹாலிடேயை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து, முழங்கால் காயத்தோடு இருந்த நெர்லென்ஸ் நோயெலையும் அடுத்த ஆண்டுக்கான ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் (டிராஃப்டின் முதல் சுற்றில் ஓர் ஆளை எடுக்கும் உரிமை) வாங்கினார். அடுத்த மூன்று சீசன்களில் அணி ஜெயித்தவை 19, 18, 10. மொத்தம் 47 வெற்றி, 199 தோல்வி. அவ்வளவையும் ஒரே பயிற்சியாளர், பிரெட் பிரௌன், வரிசை ஓரத்தில் நின்று பார்த்தார். அந்த மனிதருக்கு எவராவது ஒரு விருது கொடுத்திருக்கலாம். 2016 ஏப்ரலில் ஹிங்கி விலகினார். விலகல் கடிதம் 13 பக்கம். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவைக்கும் அதில் இடம் இருந்தது.

இனி உங்கள் முதல் கேள்வி. அதிர்ஷ்டம் இல்லை என்கிறீர்கள். சரிதானா? 2014இல் மூன்றாவது இடத்தில் ஜோயல் எம்பீட் கிடைத்தார். பாத எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாட்களே ஆகியிருந்ததால்தான் அவர் மூன்றாவது இடம்வரை மிஞ்சினார். இல்லையென்றால் அவரைப் பார்த்திருக்கவே முடியாது. இரண்டு சீசன்கள் ஆடவில்லை என்றாலும் 2022-23இன் மிகச் சிறந்த வீரர் விருதை அவர் வாங்கினார். 2016இல் குலுக்கலில் முதல் இடம் விழுந்து பென் சிம்மன்ஸ் வந்தார். 2017இல் இன்னொரு முதல் இடம். இத்தனையையும் அதிர்ஷ்டக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த 2017 முதல் இடம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அங்கேதான் உங்கள் அணி வழுக்கியது என்று நினைக்கிறேன். 2015 கோடையில் ஹிங்கி சாக்ரமென்டோவிடமிருந்து, அவர்களுக்கு வேண்டாத சம்பள ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டதற்குக் கூலியாக, 2019ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும், 2016, 2017 ஆண்டுகளில் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வாங்கி வைத்திருந்தார். 2017 குலுக்கலில் உங்களுக்கு விழுந்தது ஐந்தாவது இடம், சாக்ரமென்டோவுக்கு மூன்றாவது. மாற்றிக்கொண்டார்கள். ஹிங்கி போய் ஓராண்டுக்குப் பின் அவர் போட்ட விதை முளைத்தது. புதிய நிர்வாகம் என்ன செய்தது? அந்த மூன்றாவது இடத்தையும், கூடவே இன்னொரு முதல் சுற்றுத் தேர்வையும் பாஸ்டனுக்குக் கொடுத்து முதல் இடத்தை வாங்கி, மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தது. தோள் நரம்புக் கோளாறில் அந்தப் பையனின் எறியும் கையே தடுமாறிப்போனது. ஃபிலடெல்ஃபியாவுக்காக அவர் ஆடியது 33 ஆட்டங்கள். மூன்றாவது இடத்தில் பாஸ்டன் எடுத்தது ஜேசன் டேட்டத்தை. அவர்கள் 2024இல் கோப்பை வென்றார்கள். சீட்டுகளைச் சேர்ப்பதில் ஹிங்கி கெட்டிக்காரர். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அவற்றைச் செலவழிப்பதில் அவசரம். மூன்றாண்டு ஏச்சைத் துடைத்துவிடவேண்டும் என்ற அவசரம் அது. தோல்வி மனிதர்களைப் பொறுமையற்றவர்களாக ஆக்குகிறது. திட்டத்துக்கு வேண்டியதோ பொறுமை.

ஓக்லஹோமாவில் ஹிங்கியின் வேலையைப் பார்க்கும் சாம் பிரெஸ்டிக்கு அந்த நெருக்கடி இல்லை. அணி சியாட்டிலில் இருந்த 2007 முதல் அதே நாற்காலியில் இருப்பவர். டுரன்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவரையும் அடுத்தடுத்த டிராஃப்டுகளில் எடுத்துக் காட்டியவர். உரிமையாளர் அவரை நம்பினார். 2019இல் நட்சத்திர வீரர் பால் ஜார்ஜ் விலகக் கேட்டபோது அவரை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும் இரண்டு இடமாற்று உரிமைகளையும் வாங்கினார். ஷே அந்த ஊருக்கு வந்த முதல் ஆண்டிலேயே தோல்விக் குவியலுக்குள் தள்ளப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். 2019-20இல் கிறிஸ் பாலுக்குப் பக்கத்தில் ஆடினார். எதிர்பார்ப்பே இல்லாத அந்த அணி 44 ஆட்டங்கள் ஜெயித்துப் பிளே-ஆஃப் போனது. கடைசி ஐந்து நிமிடத்தில் பந்தை என்ன செய்வது என்பதை, அதில் ஊறிப்போன ஒரு மூத்தவரிடம் பார்த்துக் கற்ற பிறகுதான் தோல்விக் காலம் தொடங்கியது.

தோல்விக்காலம் அங்கேயும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 22 வெற்றி, பிறகு 24. 2021 டிசம்பரில் மெம்பிஸிடம் 152-79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம், என்பிஏ வரலாற்றிலேயே பெரியது. நல்ல உடல்நிலையில் இருந்த அல் ஹார்ஃபர்டை 2021 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பி, மீதி சீசனுக்கு ஆடவே விடவில்லை. ஆகவே ‘அவர்கள் செய்தால் மட்டும் பொறுமையா’ என்ற உங்கள் குத்தல் அவர்கள்மேல் சரியாகவே விழுகிறது.

ஆனால் கோப்பை வென்ற அணியை ஆள் ஆளாகப் பிரித்துப் பாருங்கள். அந்தத் தோல்விகளால் நேரடியாகக் கிடைத்த பெரிய பரிசு ஒன்றே ஒன்று: 2022இல் இரண்டாவது இடத்தில் செட் ஹோம்கிரென். ஷே 2018இல் 11ஆவதாக எடுக்கப்பட்டவர். இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி குவித்த ஜேலன் வில்லியம்ஸ் 12ஆவது இடம். அந்த இடமும் கிளிப்பர்ஸிடமிருந்து வந்தது. லு டார்ட்டை டிராஃப்டில் எவருமே எடுக்கவில்லை. தோற்றதால் அணி உருவானது என்பதைவிட, தோற்ற இரண்டு ஆண்டுகளில் இவர்களுக்கெல்லாம் தவறு செய்து ஆடக் களம் கிடைத்தது என்பதே பொருத்தம். உங்கள் அணி மூன்று டிராஃப்டுகளில் நோயெல், எம்பீட், ஓகாஃபர் என்று மூன்று நெட்டை வீரர்களைச் சேர்த்தது. மூவரும் ஒரே இடத்துக்குப் போட்டி. பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை.

டெட்ராய்ட் இதற்கு இன்னும் கசப்பான சாட்சி. 2022-23இல் 17 வெற்றி, லீகிலேயே கடைசி. 2023-24இல் 14 வெற்றி, மறுபடி கடைசி, நடுவில் தொடர்ந்து 28 தோல்வி. இரண்டு முறையும் குலுக்கலில் ஐந்தாவது இடம்தான் விழுந்தது. இதில் சதி இல்லை. 2019இல் விதி மாறியபின் கடைசி அணிக்கு முதல் இடம் கிடைக்க 14 சதவீத வாய்ப்புத்தான். ஐந்தாவதுக்குச் சரிய ஏறக்குறைய 48 சதவீதம். (அந்த மாற்றத்துக்கான வாக்கெடுப்பில் எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு ஓக்லஹோமாவுடையது. டாலஸ் வாக்களிக்கவில்லை, அதே டாலஸுக்குத்தான் 2025இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் முதல் இடம் விழுந்தது.) டெட்ராய்ட் கடைசியில் குலுக்கலை நம்புவதை விட்டது. புதிய பயிற்சியாளர், டோபையஸ் ஹாரிஸ் போன்ற நடுவயது அனுபவசாலிகள், மையத்தில் 2021இல் எடுத்த கேட் கன்னிங்ஹம். 2024-25இல் 44 வெற்றி. அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் முந்தைய ஆண்டும் அதே சட்டையைத்தான் போட்டிருந்தார்கள்.

நேர்மை பற்றிக் கேட்டீர்கள். களத்தில் இருப்பவர்கள் எவரும் தோற்க ஆடுவதில்லை. அடுத்த ஒப்பந்தமே தொங்கலில் இருக்கும் இருபத்திரண்டு வயதுக்காரன் அணியின் எதிர்காலத்துக்காக ஏன் விட்டுக்கொடுக்கப் போகிறான்? தோல்வி அலுவலகத்தில் தயாராகிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுகின்றன. இங்கே கடைசி இடத்துக்குப் பரிசு. விதியை அப்படி எழுதி வைத்துவிட்டு ஹிங்கியை மட்டும் வில்லனாக்கியது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. ஆனால் டிக்கெட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகளை அழைத்துக்கொண்டு அரங்குக்கு வருகிறவரிடம் முழு விலை வாங்கிக்கொண்டு, நல்ல ஆட்டக்காரரை வீட்டில் உட்கார வைப்பது ஏமாற்றுத்தான். உரிமையாளர்கள் தோல்விக்கு விலை கொடுப்பதே இல்லை, கவனித்தீர்களா? கொடுப்பவர்கள் ரசிகர்கள், பிறகு பயிற்சியாளர்.

எட்ஜ்கோமுக்கு வருகிறேன். 2024-25இல் உங்கள் அணி எம்பீடோடும், நான்கு ஆண்டுக்கு 212 மில்லியன் டாலர் கொடுத்து அழைத்து வந்த பால் ஜார்ஜோடும் கோப்பைக் கனவில் தொடங்கி, காயங்களில் சிதறி, 24 வெற்றியில் முடிந்தது. (ஆம், எவரை விற்று ஓக்லஹோமா கட்டப்பட்டதோ அதே ஜார்ஜ்.) அந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வும் ஓக்லஹோமாவுக்குக் கடன்பட்டிருந்தது, முதல் ஆறு இடங்களுக்குள் விழுந்தால் மட்டும் உங்களுக்கு. விழுந்தது மூன்றாவது. எட்ஜ்கோமை எடுத்தீர்கள். அதிர்ஷ்டம் இல்லை என்கிறவர் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

நம்பலாமா என்றால், அவரைவிட அவருக்குப் பக்கத்தில் ஆடுகிறவரை நான் பார்ப்பேன். ஃபுல்ட்ஸை 2019இல் ஆர்லாண்டோவுக்கு விற்றபோது வந்தவற்றில் ஓக்லஹோமாவின் 2020 முதல் சுற்றுத் தேர்வு ஒன்று இருந்தது. முதல் இருபதுக்குள் விழுந்தால் உங்களுக்குக் கிடையாது என்பது நிபந்தனை. விழுந்தது 21ஆவது. கிறிஸ் பாலும் ஷேயும் சேர்ந்து 44 ஆட்டங்கள் ஜெயித்த அதே சீசனின் பலன் அது. அந்த இடத்தில் நீங்கள் எடுத்தவர் டைரீஸ் மேக்ஸி. 199 தோல்விகளில் எதுவும் அவரைக் கொண்டுவரவில்லை. அவரும் எட்ஜ்கோமும் ஒன்றாக ஆடும் நிமிடங்களை மட்டும் காலையில் பாருங்கள். எம்பீடின் முழங்கால் பற்றிய செய்திகளை மாலையில் படித்துக்கொள்ளலாம்.